மழை பெய்யாத நாளும் அளக்காத நாளும்

கணினி ஸ்கிரிப்ட் எழுதப் பழகுகிற தம்பிமார் முதலில் பிடித்துக்கொள்வது || குறியைத்தான். இடப்பக்கம் ஒன்றுமில்லை என்றால் வலப்பக்கத்தை எடு, ஒரே வரியில் வேலை முடிந்தது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழிக்கு 0, வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை), ஃபால்ஸ் (பொய்), நல் (மதிப்பு இல்லை என்ற குறி), அன்டிஃபைன்ட் (மதிப்பே வைக்காதது) எல்லாமே அந்த 'ஒன்றுமில்லை'க்குள் அடங்கும்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் பெரியப்பா மழைமானி பார்த்துக் கொப்பியில் எழுதி வைக்கிறவர். மழை இல்லாத நாளுக்கு 0 போடுவார், கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போய் அளக்காமல் விட்ட நாளுக்குக் கட்டத்தை வெறுமையாக விடுவார். இதைக் கணினியில் ஏற்றி, விடுபட்ட நாளை அயலூர் அளவால் நிரப்பலாம் என்று மழை ||= அயலூர் (மழை 'ஒன்றுமில்லை' என்றால் அயலூர் அளவை அதில் எழுது) எனப் போட்டால், மழை குறைந்த சிறுபோகத்தில் அவர் கவனமாக எழுதிய ஒவ்வொரு 0-ம் அழிந்து, எங்கோ தூறிய தூறல் எங்கள் வயலில் பெய்ததாகிவிடும். வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கிற சனத்துக்கு அந்தக் கணக்கைக் காட்ட முடியுமா?

அதற்குத்தான் ??= இருக்கிறது. நல், அன்டிஃபைன்ட் இரண்டை மட்டுமே மாற்றும், 0-ஐத் தொடாது. ஜாவாஸ்கிரிப்டுக்கு இது 2021-இல் வந்தது, பிஎச்பி மொழிக்கு 2019-இல். பேர்ள் மொழிக்காரர்களுக்கு 2007-லேயே இதே வேலைக்கு //= கிடைத்துவிட்டது. ரூபியில் ||= போட்டாலும் 0 தப்பிவிடும், அங்கே 'நில்'லும் (ரூபியின் நல்) ஃபால்ஸும்தான் பொய். ஆனால் வேண்டுமென்றே ஃபால்ஸ் வைத்த அமைப்பு ஒன்று ட்ரூ ஆகிவிடலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தானில் இப்படி ஒரு குறியே இல்லை, 'நன்' (பைத்தானின் நல்) தானா என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

சரி, ??= போட்டால் தீர்ந்ததா என்றால் இல்லை. சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) வெறுமையான கட்டம் 'நல்' ஆக வராது, வெற்றுச் சரமாகத்தான் வரும், ??= அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதைவிட மோசம், அந்த வெற்றுச் சரத்தை, உரையை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்டின் நம்பர்() இடம் கொடுத்தால் அது 0 என்று திருப்பித் தரும்! அளக்காத நாள் மழை பெய்யாத நாளாகிவிடும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. ஆகவே கோப்பை வாசிக்கும் இடத்திலேயே இடைவெளிகளை வெட்டி, மிஞ்சியது வெற்றுச் சரமா என்று பாருங்கள். ஆம் என்றால் நல், இல்லையென்றால் எண். அதற்குப் பிறகுதான் ??=. அப்புறம், நிரப்பிய அளவைப் பெரியப்பாவின் கட்டத்துக்குள் எழுதாமல், பக்கத்தில் தனிக் கட்டம் வைத்து, எந்த ஊரில் இருந்து எடுத்தது என்றும் குறித்துவிடுங்கள்.