பாறுகள் இறங்கிய இடம்

கூடலூரில் இருந்து கிளம்பும்போது தேயிலைத் தோட்டங்களின் மேல் மூடுபனி நின்றது. தொரப்பள்ளியைத் தாண்டி முதுமலைக்குள் நுழைந்ததும் பச்சை குறையத் தொடங்கியது. தெப்பக்காட்டில் தேக்குகள் இலையில்லாமல் நின்றன. அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் மசினகுடி. அங்கே இரண்டு பக்கமும் முள்மரமும் புழுதியும்தான். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். நீலகிரி மலைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும், மசினகுடி இருக்கிற சீகூர்ப் பீடபூமிக்கு அதில் மிஞ்சுவது கொஞ்சம்.

"காடே செத்துக் கெடக்கே" என்றாள் தங்கை. ஜீப் ஓட்டிய அண்ணன் திரும்பிப் பார்த்தார். "சாகலம்மா. இலையக் கொட்டிட்டுத் தண்ணிய மிச்சம் புடிக்குது."

வழியில் ஒரு கருமருதைக் காட்டினார். முதலையின் முதுகைப் போலக் கட்டம் கட்டமாக வெடித்த பட்டை. கோடையில் சில மருதுகள் அடிமரத்துக்குள்ளேயே தண்ணீர் சேர்த்து வைத்திருக்குமாம். கொஞ்சம் தள்ளி வழவழவென்று வெளுத்த வெக்காலி. அதற்கும் அப்பால் ஓர் இலைகூட இல்லாமல் உடம்பெல்லாம் பூத்த புரசு. அதன் தேனுக்குக் கரிச்சான்களும் மைனாக்களும் அடித்துக்கொண்டன. மார்ச் மாதத்தில் அந்தக் காட்டில் அதுதான் பெரிய விருந்து.

மறுநாள் காலை தெப்பக்காட்டில் வனத்துறை வண்டி ஏறினோம். 1940ல் சரணாலயமாகத் தொடங்கி 2007ல் புலிகள் காப்பகமான இடம் இது. புலி வருமா என்றுதான் வண்டியில் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்தான். ஒரு மரத்தின் மேல் மந்திக்கூட்டம் கொழுந்தைப் பிய்த்துப் பாதியைத் தின்று பாதியைக் கீழே போட்டது. அதைப் பொறுக்கப் புள்ளிமான்கள் கூடியிருந்தன. மேலே இருப்பவற்றுக்குக் கண் கூர்மை, கீழே இருப்பவற்றுக்கு மூக்கு கூர்மை. இரண்டும் சேர்ந்தால் புலிக்குக் கஷ்டம்தான். திடீரென்று ஓடைப் பக்கம் ஒரு கடமான் உரக்கக் கத்தியது. மந்திகளும் சேர்ந்துகொண்டன. மான்களின் வால் நிமிர்ந்தது. இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. புதர் அசையவே இல்லை.

அந்தப் புதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது உண்ணிச்செடி. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் அழகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவந்த செடி, இன்று இந்தக் காட்டின் தரையையே பிடித்துவிட்டது. அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் ஏது? போதாததற்கு மஞ்சள் பூப்பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அந்நிய மரம் வேறு. அதை வெட்டி, காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். பூ அழகாக இருக்கிறதென்று படம் எடுத்தவர்களிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும்போல எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

மதியம் மாயாறு ஊருக்குப் போகும் சாலையில் அண்ணன் ஜீப்பை நிறுத்தி மேலே காட்டினார். வெயில் ஏறி, சூடான காற்று எழும் நேரம். ஆறு பறவைகள் சிறகடிக்காமல் வட்டம் போட்டன. ஒன்று சாய்ந்து திரும்பியபோது முதுகில் வெள்ளை தெரிந்தது. வெண்முதுகுப் பாறு, பிணந்தின்னிக் கழுகு! தொண்டை அடைத்துவிட்டது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்குளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்த இனத்தில் நூற்றுக்கு 99க்கும் மேல் அழித்துவிட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006ல் தடை செய்தார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை, இழந்ததை எப்போது மீட்கும்? தென்னிந்தியாவில் அவை இன்னும் கூடுகட்டி வாழும் மிகச் சில இடங்களில் இந்த மாயாற்றோரத்து நீர்மருதுகள் முக்கியமானவை. கோடையிலும் அந்த மரங்கள் பச்சையாகவே நிற்கின்றன.

ஏழாவது ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் காலைத் தொங்கவிட்டு மேட்டுக்கு அப்பால் இறங்கின.

"ஏதோ அடிச்சுப் போட்டிருக்கு" என்றார் அண்ணன். "காலைல கடமான் கத்துச்சுன்னீங்களே, அதுகூட இங்க இருந்து ரொம்பத் தூரமில்ல."

சாலையை விட்டு இறங்க அனுமதி இல்லை. கடைசிப் பாறு இறங்கும்வரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தோம்.