தம் கட்டி முங்குகிறவருக்கு ஒரு காற்றுச் சட்டை

பாலக்கோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ரிலே மாதிரியான சமாச்சாரங்களில் எனக்குத் தனி ஆசை. தூத்துக்குடியில் இருக்கும் அக்கா மகன் சிலிண்டர் இல்லாமல் கடலில் முங்குகிறவன். "மாமா, முங்குறவன் மயங்கிட்டா தானா ஊதி மேலே தூக்கிட்டு வர்ற சட்டை இருக்கு" என்றான். "மயங்கினது அதுக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன்.

அதற்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் ஈட்டியால் மீன் வேட்டையாடும் டெர்ரி மாஸ் உருவாக்கியது அது. வாய் அறுவை மருத்துவரும்கூட. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று முங்குவதற்கு முன்பே அதில் வைத்துவிட வேண்டும். இரண்டில் எது தாண்டினாலும் கார்பன் டை ஆக்சைடு குப்பி திறந்து சட்டை உப்பிவிடும். புத்தி தெளிவாக இருக்கும்போதே எடுத்துவைத்த முடிவு. எவ்வளவு அழகான யோசனை!

ஆபத்து வந்தால் பட்டனை அழுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. மூச்சு முட்டுகிற உணர்வு முக்கியமாக உடம்பில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் வருவது. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அது குறைந்துபோகும், முட்டலும் தாமதமாகத்தான் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் மிச்சமிருக்கிற ஆக்சிஜனே போதும்போல் இருக்கும். மேலே வர வர அழுத்தம் பாதியாகும், ஆக்சிஜனின் அழுத்தமும் சரியும். கடைசிச் சில அடிகளில் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் மயங்கிவிடுவார். நம் பக்கத்துக் கிணறுகளில் காசு போட்டு எடுக்கிற பையன்களும் குதிப்பதற்கு முன் இப்படித்தான் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுகிறார்கள். நிரம்பிய கிணறு 33 அடி இருந்தால் அதுவே 10 மீட்டர். தயவுசெய்து அவர்களைத் தடுங்கள்.

படகில் போடும் தானியங்கி லைஃப் ஜாக்கெட்டுகள் பலவற்றில் தண்ணீர் பட்டால் கரைகிற வில்லை இருக்கும். தண்ணீரிலேயே கிடக்கிறவருக்கு அது உதவாது. அப்புறம் குப்பியின் கணக்கு. 33 கிராம் வாயு மேலே ஏறக்குறைய 18 லிட்டர் இடம் பிடிக்கும். 30 மீட்டர் கீழே அழுத்தம் நான்கு மடங்கு, அதே வாயு நாலரை லிட்டர்தான். தூக்கும் பலமும் அவ்வளவுதான், ஏறினால் கூடும். ஆழமாகப் போகிறவர் இதை மனதில் வைத்துத்தான் குப்பி தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். மோட்டார் ரிலேயில் கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், சேதமில்லை. மின்கலத்தை நம்பியிருக்கிற சட்டையில் மின்கலம் செத்தால் சட்டை உப்பாது. முங்குகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. அதனால் மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: சட்டை வாங்கு, ஆனால் நீ கீழே போகும்போது ஒருத்தன் மேலே நின்று பார்க்க வேண்டும், நீ மேலே வந்த பிறகும் அரை நிமிஷம் உன் முகத்தைவிட்டு அவன் கண்ணை எடுக்கக் கூடாது.