ஆச்சியின் அண்ணனுக்கு ஒரு குழம்பு

கறுப்புக் கொண்டைக்கடலை வேகவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். இரவெல்லாம் ஊறிய கடலைகூட அதில் தோல் தடித்துக் கிடக்கும். தாமிரபரணித் தண்ணீர் என்றால் ஐந்தாறு விசிலில் பூப்போல வெந்துவிடும். அதனால் மகாளய அமாவாசைக்கு முந்தின இரவு, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் ஊறப்போடுவேன். வெந்ததில் ஒன்றை எடுத்து இரு விரலால் நசுக்கினால் தோல் தனியே வழுகக் கூடாது, பருப்போடு சேர்ந்தே மசிய வேண்டும். ஆச்சி பார்த்த பதம் அது.

குழம்பு பெரிய வேலை இல்லை. வாழைக்காய், கடலை, புளித்தண்ணீர். மிளகாய் வத்தல், மல்லி, நல்லமிளகு, தேங்காய் எல்லாம் சிவக்க வறுத்து அரைத்துவிட வேண்டும். அன்றைக்கு வெங்காயம், பூண்டு கிடையாது.

இந்தக் கடலை ஆச்சியின் அண்ணனுக்காக. ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் அங்கே குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரமே விழுந்தது. பர்மாவிலிருந்து இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ரங்கூனுக்கு வடக்கே உள்ள புரோமிலிருந்து மலையேறி டவுங்கப் கடற்கரைக்கு ஒரு பாதை, எல்லையோர ஊரான தமு வழியாக மணிப்பூரின் இம்பாலுக்கு இன்னொன்று. வழியெல்லாம் காலரா. புரோம் வரை கூட வந்த ஊர்க்காரர் மட்டும் வீடு வந்து சேர்ந்தார். துண்டில் முடிந்திருந்த வறுத்த கொண்டைக்கடலையை இருவரும் பங்கு வைத்துத் தின்றோம் என்று அவர் சொன்னதுதான் ஆச்சிக்குக் கிடைத்த கடைசிச் சேதி. செத்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுப்பது வழக்கம். ஆச்சியும் அன்றைக்கே இலை போட்டாள்.

ரங்கூன் பக்கத்தில் தவுக்கியானில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உடல் கிடைக்காத சுமார் 27,000 வீரர்களின் பெயர்களை அங்கே தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். இந்தியப் பெயர்கள் ஏராளம். நவம்பர் 11 அன்று போரில் இறந்த வீரர்களை நினைத்துப் பல நாடுகளில் இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய மரியாதைதான். ஆனால் மில் கூலிகளுக்கும் நடந்தே செத்தவர்களுக்கும் அந்தத் தூண்களில் இடமில்லை. எனக்கு இது ஆறவே இல்லை. அவர்களும் அந்தப் போரில் செத்தவர்கள்தானே?

சரி, என்னால் ஆனது இதுதான்: இலையில் சோறு வைத்துக் குழம்பு விடும்போது, அவர் பெயரைப் பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். ரங்கூன், புரோம் என்று அவர் வந்த வழியையும் சேர்த்து. உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது பர்மா போயிருந்தால், வயதானவர்களிடம் இப்போதே கேட்டு, பெயரையும் நடந்த பாதையையும் எழுதி வையுங்கள்.