இரு கைகளால் எறிந்தவர்கள்

எங்கள் கூடைப்பந்துச் சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு வந்த அன்றிரவே மலர்க் குழுவினர் என்னிடம் இக்கட்டுரையைக் கேட்டுவிட்டார்கள். 30 வரை அவர் உரக்க எண்ணும் குரலையும், மழை விட்டதும் சாக்குகளைக் கொடுத்து எங்களைச் சீமெந்துத் தளத்தைத் துடைக்கவைத்ததையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது 1995ஆம் ஆண்டின் கழகப் பருவத்தைப் பற்றி. அதில் அவமானப்பட்டவன் நான் மட்டும் அல்லன்.

பாடசாலைச் சுற்றுப்போட்டிகள் முடிந்த கையோடு, உயர்தர வகுப்பில் இருந்த என்னைக் கொழும்புக் கழகமொன்று பயிற்சிக்கு அழைத்தது. ஆறடி உயரம் எங்கள் அணியில் வளையத்தின் கீழ் நின்று ஆளப் போதுமானதாக இருந்தது. அங்கோ, அலுவலகம் முடிந்து கழுத்துப்பட்டியைக் கழற்றியபடி வந்தவர்களில் என்னைவிட உயரமானவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். முதல் மாலை பயிற்றுநர் எங்களைப் பலகையிலிருந்து 4.60 மீற்றர் தூரத்துக் கோட்டில் ஒவ்வொருவராக நிறுத்தினார். நான் பந்தை மார்புக்கு முன்னால் இரு கைகளாலும் பிடித்து, முழங்காலை மடித்து, சேர் பழக்கியபடியே தள்ளினேன். பந்து வளையத்துக்குள் விழுந்தது. ஆயினும் எல்லோரும் சிரித்தார்கள். பயிற்றுநர் என்னைப் போலவே குனிந்து எறிந்து காட்டி, இதைப் பழக்கியது உன் அம்மம்மாவா என்று கேட்டார்.

சேர் கூடைப்பந்து விளையாடியவர் அல்லர் என்பது உங்களுக்குத் தெரியும். கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவரிடம் அதிபர் பந்தைக் கொடுக்க, அவர் விதிநூலையும் எங்கிருந்தோ கிடைத்த பழைய கைநூலொன்றையும் பாடமாக்கிக்கொண்டு எங்களுக்குப் பயிற்றுநரானார். எதிரணிகள் ஒரு கையால் எறிவதை நாங்கள் காணாமல் இல்லை. அதை அவர் வெறும் ‘ஸ்டைல்’ என்று ஒதுக்கிவிட்டார், ஏனெனில் இரு கைகளும் சமமாகத் தள்ளினால்தான் பந்து நேராகப் போகும் என்பது அவருடைய கணிதம். ஹாங்க் லூயிசெற்றி என்ற அமெரிக்க மாணவர் ஒருகை எறிவை 1936இல் நியூயோர்க்கில் ஆடிக் காட்டிப் பெயர்பெறச் செய்தார் என்பதை நான் இங்கே, கனடாவுக்கு, வந்தபின்தான் அறிந்தேன். ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்தும் அச்செய்தி எங்கள் சீமெந்துத் தளத்தை எட்டியிருக்கவில்லை.

மறுநாள் சேர் விசாரித்தபோது, எறியும் முறையை மாற்றச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த பயிற்சிக்கு அவர் கொப்பியோடு வந்து மேல்படியில் அமர்ந்திருந்தார். அவர் யாரென்று தெரியாத பயிற்றுநர், புதிதாக வந்த இருவருக்காக அந்த அம்மம்மா நடிப்பை மீண்டும் ஒருமுறை நடத்தினார். நான் மேலே பார்க்கத் துணியவில்லை. பயிற்சி முடிந்து பஸ்ஸுக்காகக் காலி வீதியில் நின்றபோது சேர் கொப்பியைத் திறந்து, தான் வரைந்திருந்த கையின் படத்தைக் காட்டி, முழங்கை 90 பாகையில் நிற்க வேண்டுமா, கொஞ்சம் விரியலாமா என்று கேட்டார்; இடக்கை பந்தைத் தாங்குவதற்கு மட்டும்தான் என்று ஓரத்தில் குறித்திருந்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை 15 வயதுக்குட்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி, “இதுவரை நான் உங்களுக்குப் பழக்கியது பிழை” என்றார். பிறகு, இன்னும் ஒரு கையால் எறியத் தெரியாத என்னையே செய்துகாட்டச் சொன்னார். பந்து வலையைக்கூடத் தொடவில்லை. சிரித்த பெடியன்களைத் தளத்தைச் சுற்றி ஓடவைத்தார்.

கழகப் பருவத்தில் நான் பெரும்பாலும் வாங்கிலேயே இருந்தேன். சுகததாச உள்ளக அரங்கில், வெற்றி தோல்வி முடிவாகிவிட்ட ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் இறக்கப்பட்டேன். இரவுப் பயிற்சி முடிந்து வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் காட்டிய பின்னர் பையைத் திறந்து பந்தையும் காட்ட வேண்டும். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்தபின் அம்மா இரவுப் பயிற்சிக்கு விடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நான் ரொறன்ரோவில் இருந்தேன். ஒரு கையால் எறியப் பழகிய அந்தச் சிறுவர்கள் பின்னர் கிண்ணம் வென்றதை இந்த மலரின் பழைய இதழொன்றில்தான் வாசித்தேன்.

2000இல் சர்வதேச விதிகள் மாறி, 20 நிமிடப் பாதிகள் இரண்டும் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்காகவும், பந்தை வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டிய 30 செக்கன் 24 ஆகவும் ஆனபோது, புதிய விதிநூலை அனுப்பும்படி சேர் கடிதம் எழுதினார். அனுப்பினேன். இனி 24 வரை எண்ணப் பழக வேண்டும் என்றும், நீ இப்போது ஒரு கையால் நன்றாக எறிவாய், வந்து பெடியன்களுக்குக் காட்டு என்றும் பதில் வந்தது. ஸ்காபரோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்த ஜிம்மில் நான் ஓரளவு நன்றாகவே எறிந்துகொண்டிருந்தேன். கொழும்புக்கும் போய் வந்தேன். ஆனால் அந்தப் பயணங்கள் ஓகஸ்டிலோ டிசம்பரிலோதான் வாய்த்தன. அப்போது பாடசாலை பூட்டியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அந்த மாதங்களில்தான் போய் வருகிறீர்கள்.