கை பட்ட தாள்கள்

ஜெர்மனியில் ஒரு காப்பகத்தில் பழைய பணத்தாள்களைப் பட்டியலிடும் பணியில் இருந்த காலத்தில், என் மேசைக்கு மிகுதியாக வந்தவை அந்நாட்டு ஊர்கள் வெளியிட்ட 'நோட்கெல்ட்' என்னும் அவசரகாலத் தாள்கள். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கத் தொடங்கினார்கள். பின்னர் நிக்கலும் செம்பும் போர்த் தளவாடங்களுக்குப் போய்விட, இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் காசு அடித்தும் சில்லறைத் தட்டுப்பாடு தீரவில்லை. கூலியைக் கணக்காகக் கொடுக்கவும் கடையில் மீதி தரவும் வழியில்லாமல் போனதால், நகராட்சிகளும் சேமிப்பு வங்கிகளும் ஆலைகளும் 10, 25, 50 ஃபென்னிக் (நூறு ஃபென்னிக் ஒரு மார்க்) மதிப்பில் தாங்களே தாள்களை அச்சிட்டுக்கொண்டன.

பட்டியலிடும்போது நான் முதலில் தேடியது செல்லுபடிக் காலத்தை. பல தாள்களில் இறுதி நாள் அச்சாகியிருக்கும். வேறு பலவற்றில், அறிவிப்பு வெளியாகி ஒரு மாதம் கழிந்தால் தாள் செல்லாது என்ற நிபந்தனை இருக்கும். அடுத்ததாக மேயரின் கையொப்பம், வரிசை எண், செல்லாததாக்கும் முத்திரை அல்லது துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முத்திரையோ துளையோ இருந்தால், அந்தத் தாள் கருவூலத்துக்குத் திரும்பி வந்து, தாளுக்கு ஈடாகப் பணம் தருவதாக ஊர் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

1920 முதல் 1922 வரை வந்த வண்ணத் தொடர்களின் கதை வேறு. ஹாமெல்ன் நகரம் தன் பழங்கதையில் வரும் எலி பிடிக்கும் குழலூதியையும், ஐசனாக் நகரம் மார்ட்டின் லூதரையும் தாள்களில் வரைந்தன. துணி நெசவுக்குப் பேர்போன பீலஃபெல்டில் நகரச் சேமிப்பு வங்கி பட்டிலும் லினன் துணியிலும்கூடப் பணம் அச்சிட்டது. சேகரிப்பாளர் வாங்கி ஏட்டில் ஒட்டிவைத்த தாளுக்கு ஊர் ஈடு தர வேண்டியதில்லை என்பதால், அத்தொகை முழுவதும் ஊருக்கு வருவாயாயிற்று. அவற்றின் கலைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனாலும், நான்காக மடிக்கப்பட்டு, எண்ணெய்க் கறை படிந்து, கிழிந்த ஓரத்தில் யாரோ தாள் துண்டு ஒட்டிப் பயன்படுத்திய 1917ஆம் ஆண்டின் சாதாரணத் தாளே சில்லறையில்லாத ஊரின் நெருக்கடியை எனக்குக் காட்டியது.

1922 ஜூலையில் இத்தகைய வெளியீடுகளுக்குச் சட்டம் தடை விதித்தது. மறு ஆண்டே பணவீக்கம் கட்டுக்கடங்காமல் போனதால் ஊர்கள் மீண்டும் அச்சகங்களை நாடின. இம்முறை தட்டுப்பாடு பெரிய தொகைத் தாள்களுக்கு. அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டவையும், பழைய தாள் மீதே புதிய மதிப்பைப் பதித்தவையும் பல. தூரிங்கியா மாநில வங்கிக்காக பௌஹவுஸ் என்னும் வடிவமைப்புக் கலைப் பள்ளியின் ஹெர்பர்ட் பாயர் வடிவமைத்த தாள்களில் படமே இல்லை. எழுத்தும் எண்ணும் மட்டுமே. 1923 நவம்பரில் ரென்டன்மார்க் என்னும் புதிய பணம் வந்தபோது, அதன் ஒரு மார்க்குக்கு ஒரு இலட்சம் கோடி பழைய மார்க் ஈடாக நின்றது.

காட்சிப் பெட்டிக்குத் தாள்களைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தபோது, உடன் பணிபுரிந்தவர்கள் வண்ணத் தொடர்களையே விரும்பினார்கள். கசங்கியவற்றுக்கும் இடம் வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கறையைச் சுத்தம் செய்யாமலேயே சிலவற்றை வைக்க ஒப்புக்கொண்டார்கள்.