நைட்டு ரெண்டு மணி போன்
குடிய விட்டு ஒன்னேகால் வருஷம் ஆச்சு. மாத்திரை, கவுன்சிலிங் எல்லாம் உதவுச்சு, இல்லேன்னு சொல்லல, ஆனா ஆரம்பத்துல நைட்டு ரெண்டு மணிக்கு மனசு அலைபாயும்போது போன எடுத்தது என்னை மாதிரியே குடிச்சு நாசமாப்போயி மீண்டு வந்த ஒரு அண்ணன்தான். அட்வைஸே பண்ணமாட்டாரு, "எனக்கும் இப்டித்தான்டா இருந்துச்சு, இன்னும் இருபது நிமிஷம் பேசிட்டு இரு"ன்னுவாரு, அவ்ளோதான், அந்த ஆசை அலை மாதிரி ஏறி தானா எறங்கிடும்.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிங்க ஒருத்தருக்கொருத்தர் கைகொடுத்து குடிய விடுற அமைப்பு) ஆரம்பிச்சதே இப்டித்தானாம். 1935ல அமெரிக்காவுல அக்ரன்ங்கிற ஊர்ல பில் வில்சனுக்கு மறுபடி குடிக்கணும்னு தோணுனப்ப, இன்னொரு குடிநோயாளியத் தேடி போன் மேல போன் போட்ருக்காரு, கெடச்சது பாப் ஸ்மித்னு ஒரு டாக்டர். ரெண்டு பேருமே பொழச்சாங்க பாருங்க (எனக்கு இதுல புடிச்சதே அதான்).

ஒன்னு மட்டும் சொல்லிடறேன், வருஷக்கணக்கா தெனமும் குடிச்சவங்க தானா திடீர்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, டாக்டரப் பாத்துட்டு நிறுத்துங்க. இதுக்கு அண்ணனும் பத்தாது தம்பியும் பத்தாது.

இப்போ நானும் போன சைலன்ட்ல போடறதில்ல. நேத்து ஒரு தம்பி கூப்ட்டான், விடியுற வரைக்கும் கிரிக்கெட்டு பேசிட்டே இருந்தோம், குடியப் பத்தி ஒரு வார்த்தை பேசல.