மூலை வெட்டும் கணக்கு

பாறசாலையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். தாமரையில் நிற்கும் லட்சுமி, வீணையோடு சரஸ்வதி என்று எத்தனை படத்தைக் கண்ணாடிக்குள் வைத்துப் பின்பக்கம் ஆணி அடித்திருப்பேனோ, கணக்கில்லை. பால்காய்ச்சு வீட்டுக்கெல்லாம் அதுதான் போகும். இந்த முகங்களுக்கு வழிகாட்டியவர் 1848ல் கிளிமானூர் அரண்மனையில் பிறந்த ராஜா ரவிவர்மா. 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று அடித்து வீடுவீடாக அனுப்பினார். ஆனால் அவர் கைபட்ட ஓவியம் ஒன்றை நான் பார்த்தது நாற்பது வயதுக்குப் பிறகுதான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடையை அடைத்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறினேன். மியூசியம் வளாகத்தில் ஸ்ரீ சித்ரா கலைக்கூடம், 1935ல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் திறந்தது. உள்ளே நுழைந்ததும் சட்டங்களின் மூலையைத்தான் பார்த்தேன், தொழில் பழக்கம். பிறகு ரவிவர்மாவின் ஓவியம், அன்னத்தோடு நிற்கும் தமயந்தி. அச்சுப்படத்தில் ஒரே சிவப்பாகத் தெரிந்த சேலை, இங்கே ஒவ்வொரு மடிப்பிலும் வேறு சிவப்பாக இருந்தது. காவலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் நகரவில்லை.

ரவிவர்மாவை அவர் தங்கை மங்களாபாய் தம்புராட்டி வரைந்த படமும் அங்கே இருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன், தம்பி ராஜராஜ வர்மா, தங்கை என்று மூன்று பேர் கையிலும் தூரிகை.

எனக்கு அதைவிட ஆறுமுகம் பிள்ளை நினைவுதான் வந்தது. எண்ணெய்ச் சாயத்தின் ரகசியத்தை அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு இளம் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தரவில்லையாம். நாயுடுவிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரியில் ஒளிவாக வந்து கற்றுக்கொடுத்தார் என்பார்கள். அவர் பெயர் போட்ட படம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது ரயிலில் மனசு சரியில்லை. என் கடையில் ஒரு பையன் மூன்று வருஷமாக நின்றான். சட்டத்தின் மூலையை 45 டிகிரிக்கு வெட்டும்போதெல்லாம் அவனை டீ வாங்க அனுப்பிவிடுவேன். படித்துவிட்டால் எதிர்க்கடை போட்டுவிடுவான் என்ற பயம். அவனுக்கும் அது தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் ரம்பத்தை அவன் கையில் கொடுத்தேன். "மக்கா, இங்கே வா. கட்டையை அழுத்திப் பிடி."

"நானா அண்ணாச்சி?" என்றான்.

அன்றைக்கு நாலடிச் சட்டம் வீணாயிற்று. சாயங்காலம் ஒரு மூலை வெளிச்சம் புகாமல் பொருந்தியது.